ஐந்தடி ஏழங்குலத்தில் ஒரு பெட்டி

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மழை இல்லை, மழை வரும் எண்ணமும் இல்லை. சோளகக் காற்று சண்டிலிப்பாய் ஒழுங்கைப் புழுதி முழுவதையும் அள்ளிவந்து எங்கள் விறாந்தையில் கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு தரம் கூட்டிவிட்டு, மூன்றாந் தரத்துக்கு விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே நின்றாள். அந்த நேரத்தில்தான் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மகளின் படத்துக்குப் பெட்டி வாங்கப் புறப்பட்டேன்.

படம் என்றால் பத்து நிமிடப் படம். மகள் கம்பஸில் கடைசி வருஷம். மாணவர்களின் கலைவிழாவில் காட்டுவதற்கு ஒரு கதை எழுதி, ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசில் உடுவிலில் இருந்த ஒரு கலியாண வீடியோக்காரரைப் பிடித்திருந்தாள். ஆடியில் கலியாணம் இல்லை என்பதால் அவர் மலிவாக வரச் சம்மதித்தார். ஆனால் ஒரே ஒரு நாள்தான். கலியாணத்துக்கு ஆடி ஆகாது, சாவுக்கு அப்படி ஒன்றும் இல்லையே. கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகச் செத்தவீட்டை வீடியோ எடுப்பது அந்தக் காலத்தில்தான் பழக்கத்துக்கு வந்திருந்தது. திங்கட்கிழமைக்கு அவரிடம் இரண்டு செத்தவீடு கையில் இருந்தது. கமெராவின் பற்றரியில் முப்பத்தைந்து நிமிடத்துக்குத்தான் உயிர். சண்டையால் கரண்ட் இல்லாத ஊரில் அதைத் திரும்ப ஏற்றுவதென்றால் ஜெனரேற்றருக்கு எண்ணெய் வாங்கவேண்டும். எண்ணெய் விலைக்கு மகள் இன்னும் இரண்டு வருஷம் ரியூசன் கொடுக்கவேண்டும். ஞாயிறு ஆறு மணிக்குமுன் எடுத்தால் படம். இல்லாவிட்டால் இல்லை.

சாமான் சேர்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் கலையில் உள்ள ஆசையல்ல. அதற்கு முதற்கிழமை அவளும் கூடப்படிக்கிற பெடியன் ஒருவனும் வந்து, என் சாய்மனைக் கதிரையை ஒத்திகைக்கென்று தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அதன் ஒரு கால் மற்ற மூன்றோடும் பேசாமல் இருந்தது. வீட்டை விட்டு என்ன வெளியே போகிறது, எது திரும்பி வருகிறது என்று எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தொடக்கூடாத சாமானையும் அன்றே சொன்னேன். கட்டிலுக்குக் கீழே இருக்கும் என் றங்கு.

அந்த றங்கைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்தாறு வருஷம் கிளாக்கராக இருந்தவன். 83 ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினேன். சேட்டுப் பையில் என் மேசையின் இழுப்பு லாச்சியைப் பூட்டிய திறப்பு ஒன்றுதான் இருந்தது. ஆறு மாதத்தில் எல்லாம் சரிவரும் என்றார்கள். திரும்பிப் போவதற்கு ஒரு தகர றங்கு வாங்கி, உடுப்புத் தைப்பித்து அடுக்கினேன். பிறகு பென்சனும் எடுத்துவிட்டேன். என்றாலும் ஏதாவது ஒரு கையெழுத்துக்கு என்று ஒருநாள் கூப்பிடுவார்கள் அல்லவா? பத்து வருஷமாக அது அடுக்கியபடி இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை திறந்து, உள்ளே இருந்த முப்பத்தொரு சாமானையும் எண்ணி, புது வேப்பிலை போட்டு மூடுவேன். வேறு ஒருவரும் திறப்பதில்லை.

படத்துக்கு வேண்டியவை மூன்று என்றாள் மகள். ஒரு கதிரை, ஒரு நின்றுபோன மணிக்கூடு, ஒரு பெட்டி. மண்ணெண்ணெயில் எரிக்கிற ஜாம் போத்தல் விளக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"ஐயோ அப்பா, எல்லாரின்ரை படத்திலையும் உது வருது. உது இல்லாமல் ஒரு படமாவது இருக்கட்டும்."

கதிரை கால் கட்டிக்கொண்டு தயாராக இருந்தது. எங்கள் மணிக்கூடு சரியாக ஓடும்; படத்துக்காக அதை நிறுத்த நான் ஆளில்லை. நின்ற மணிக்கூட்டுக்கு அந்தக் காலத்தில் ஊரில் பஞ்சமும் இல்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற மாஸ்ரரிடம் பதினொன்று இருபதில் நின்றது ஒன்று இருந்தது. மூன்று நிபந்தனை சொல்லித் தந்தார். வேலிக்கு மேலால் வாங்கிய குலுக்கில் அது ஓடத் தொடங்கிவிட்டது. நாலு வருஷமாக ஓடாத சாமான்! கடுதாசி மடித்து உள்ளே செருகி ஒருவாறு நிறுத்தினேன்.

மிச்சம் பெட்டி. கதையை மகள் எனக்குக் காட்டவில்லை. காட்டினால் நான் எழுத்துப்பிழை திருத்துவேனாம். வாயால்தான் சொன்னாள்.

"விறாந்தையிலை அப்பாவின்ரை பெட்டி இருக்கோணும். மகன் வந்து அதைப் பாத்துக்கொண்டு நிப்பான். பிறகு மெல்ல மூடியைத் திறப்பான். அவ்வளவுதான் படம்."

"அப்பாவின்ரை முகம் தெரியோணுமோ?"

"அப்பா இல்லை, அப்பா. பெட்டி மட்டுந்தான்."

"எந்தப் பெட்டி எண்டாலும் சரியோ?"

"எந்தப் பெட்டியோ? அப்பாவின்ரை பெட்டி எண்டா எங்களுக்கு ஒண்டுதானே" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதில் என் பிழை எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டு விறாந்தையில் பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டால், ஒருவரும் அரிசிப் பெட்டியை நினைப்பதில்லை. அப்பா இல்லை, மகன் வந்து மூடியைத் திறக்கிறான். அந்த வருஷங்களில் நான் பார்த்த மாணவர் படம் ஐந்து. ஐந்திலும் ஆள் செத்தது. ஒன்றில் இரண்டு பேர். சவப்பெட்டியைத்தான் கேட்கிறாள் என்று நினைக்க எனக்கு அரை நிமிடங்கூடத் தேவைப்படவில்லை.

மானிப்பாய்ப் பக்கத்தில் பெட்டி செய்யும் ஒருவர் இருந்தார். நான் போனபோது ஒரு பலகையைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் மோசம் போகேல்லை. படத்துக்கு."

"படத்துக்கெண்டா கண்ணாடிக் கடைக்கெல்லே போகோணும். சட்டம் அவங்கள்தான் போடுவாங்கள்."

"இது ஓடுற படம்."

"ஓடுற படத்துக்கு இதென்னத்துக்கு? இதுக்குள்ளை படுக்கிற ஒருத்தரும் ஓடுறேல்லை."

வாடகைக்குத் தருவீர்களா, பின்னேரமே திருப்பித் தருகிறேன் என்றேன். சீவுளியைக் கீழே வைத்தார்.

"ஐயாவைப் பாத்தாப் படிச்ச ஆள் மாதிரிக் கிடக்கு. ஒரு வீட்டுக்குப் போன பெட்டி வெறுமையாய் வெளிக்கிட்டா, அந்த வீட்டுக்கும் கூடாது, எனக்கும் கூடாது. வெறும் பெட்டியை நான் திருப்பி எடுக்கமாட்டன். விலைக்கெண்டாக் கொண்டுபோங்கோ."

விலை ஆயிரத்து எண்ணூறு. பென்சன் காசின் பெரும் பகுதி. வேண்டாம் என்று சைக்கிளில் ஏறி, சந்தி வரை போய், கமெரா ஆறு மணிக்குத் திரும்பிப் போகும் என்று நினைத்து, திரும்பி வந்தேன்.

"அளவு?" என்றார்.

அதை மகள் சொல்லவில்லை. ஒரு அப்பாவின் அளவு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஐஞ்சடி ஏழங்குலம்."

அவர் என்னை உச்சியிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "உங்கடை அளவுதான். முன்கூட்டியே எடுத்து வைக்கிறது நல்லது. பிள்ளையளுக்குக் கரைச்சல் இல்லை."

செய்து வைத்ததில் அந்த அளவுக்கு ஒன்று இருந்தது. மத்தியானம் தாண்டும்வரை தேடி, ஒற்றைமாட்டு வண்டி ஒன்று நூற்றைம்பது ரூபாவுக்குப் பேசி, பெட்டியை ஏற்றிவிட்டு, நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். மாடு நடக்கிற நடைக்கு சைக்கிள் ஓட்டுவது சுலபமல்ல. அடிக்கடி கால் ஊன்றி ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. வழியில் வந்தவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். ஒருவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆரண்ணை?"

"ஒருத்தருமில்லை, படத்துக்கு."

பின்பாதியைச் சோளகம் கொண்டுபோய்விட்டது. "ஒருத்தரும் இல்லாத ஆளாம், பாவம்" என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிவிட்டு அவரும் வண்டிக்குப் பின்னால் வந்தார். ஒருவருமில்லாத ஆளுக்கு நாலு பேராவது போகத்தானே வேண்டும் என்று இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் பின்சில்லுக் காற்றுப் போயிற்று. வண்டியைப் போகச் சொல்லிவிட்டு ஒட்டுப் போடுகிறவரிடம் நின்றேன். பதினைந்து ரூபா.

ஆகவே, எங்கள் வாசலுக்குப் பெட்டி வந்தபோது பின்னால் சனம் இருந்தது, நான் இல்லை. இனி நடந்தது பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. மனைவி விளக்குமாற்றோடு வெளியே வந்திருக்கிறாள்.

"இதென்ன?"

"ஐயா வீட்டை இறக்கச் சொன்னவர்" என்றிருக்கிறான் வண்டிக்காரன்.

"ஐயா எங்கை?"

"பின்னாலை வாறார்."

முதற் சொல்லோடே அவள் குளறி அழத் தொடங்கிவிட்டாள். பின்னாலை வாறார் என்பதைக் கேட்டவர்களும் உடல் பின்னால் வருகிறது என்றுதான் விளங்கிக்கொண்டார்கள்.

நான் ஒழுங்கைக்குள் திரும்பியபோது வாசலில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள். பக்கத்து வீட்டு மாஸ்ரர் வேலிக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"நல்ல மனிசன். காசு விசயத்திலை கொஞ்சம் இறுக்கம், அதை விட்டா நல்ல மனிசன். நேற்றுத்தான் என்ரை மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு போனவர். ஆரும் உள்ளுக்குப் போனா அது எங்கை கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ."

"சாமி அறையிலை கிடக்கு" என்றேன், சனத்துக்குப் பின்னால் நின்று.

என்னைக் கண்டதும் மாஸ்ரரின் முகத்தில் வந்தது சந்தோஷம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். மனைவியோ அழுகையை நிறுத்தவில்லை. அதே அழுகையை அப்படியே பேச்சாக மாற்றினாள். அந்தப் பேச்சை இங்கே எழுத வழியில்லை. விஷயத்தை விளக்கினேன். ஒருவரும் கலையவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்; சும்மா போக மனம் வருமா? "ஆள் உயிரோடை இருக்கிற வீட்டிலை தேத்தண்ணி குடிக்கலாந்தானே" என்றார் மாஸ்ரர். தேத்தண்ணி ஊற்றினோம். சீனி விற்ற விலையில், அதை உள்ளங்கையில் வைத்து நக்கித்தான் குடித்தார்கள். அப்படியும் தொண்ணூற்றிரண்டு ரூபா ஐம்பது சதம்.

மகள் ஒத்திகை முடித்துக்கொண்டு, பெடியனோடும் கமெராக்காரரோடும் வந்து சேர்ந்தது அப்போதுதான். விறாந்தையில் பெட்டி, முற்றத்தில் சனம், அழுத முகத்தோடு தாய். வாசற் படலையில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். நான் தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்ததை நான் எண்ணவில்லை.

கமெராக்காரர் தொழில் தெரிந்த மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. கமெராவைத் தோளில் வைத்து, பெட்டியை, சனத்தை, மாஸ்ரரை, அழுகிற ஆட்கள் இல்லாதபடியால் தேத்தண்ணி குடிக்கிற ஆட்களை, ஒரு சுற்று எடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"முகத்தை எப்ப திறப்பியள்? பற்றரி இருபது நிமிசந்தான் கிடக்கு."

பதினைந்து நிமிடத்தைப் பழக்கத்தில் தின்றுவிட்டார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு விறாந்தைப் படியில் இருந்தாள்.

"அப்பா, உது என்ன?"

"பெட்டி."

"நான் கேட்டது உங்கடை பெட்டியை."

"என்ரை அளவுக்குத்தான் எடுத்தனான்."

பெடியன் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலியைப் பார்த்தான்.

"கட்டிலுக்குக் கீழை கிடக்கிற பெட்டியப்பா. பத்து வருசமாய் அடுக்கி வைச்சிருக்கிறியளே. அதுதான் கதை. அப்பா போகவுமில்லை, பெட்டியைக் குலைக்கவுமில்லை. ஒருநாள் மகன் வந்து திறந்து ஒவ்வொண்டாய் வெளியிலை எடுக்கிறான்."

"அது றங்கு" என்றேன்.

"நீங்கள்தான் றங்கெண்டுறியள். நானும் அம்மாவும் அப்பாவின்ரை பெட்டி எண்டுதான் சொல்லுறது."

என் வீட்டில் என் சாமானுக்கு வேறு ஒரு பெயர் இருந்திருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முடியாது என்றேன். அடுக்கியது அடுக்கியபடி இருக்கும். வேறு றங்கு இரவல் வாங்கித் தருகிறேன், உள்ளே பழைய துணி போட்டு எடுக்கலாம் என்றேன். அவள் வாதாடவில்லை. கமெராக்காரரைப் பார்த்து, "அண்ணை, கட்டுங்கோ" என்றாள். அவர் கமெராவுக்கு உறை போடத் தொடங்கினார். நாலு மணி ஆகிக்கொண்டிருந்தது.

மனைவிதான் அடுத்த குண்டைப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, படம் எடுத்தாலென்ன விட்டாலென்ன, பொழுதுபட முந்தி உந்தப் பெட்டி இஞ்சை இருந்து போகோணும். இல்லாட்டி நான் போறன்."

"அவர் வெறும் பெட்டி எடுக்கமாட்டார்."

"அப்ப நீங்கள் படுத்துக்கொண்டு போங்கோ."

சனத்தில் பாதிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது போலிருந்தது. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருஷம் சுற்றுநிருபங்களுக்குள் ஓட்டை தேடிச் சம்பளம் வாங்கியவன் நான். வெறும் பெட்டி எடுக்கமாட்டன் என்றுதான் அவர் சொன்னார். ஆள் கிடக்கவேண்டும் என்று சொல்லவில்லை.

உள்ளே போய் றங்கை இழுத்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாவுக்காகத்தான் திறந்தேன். மகள் இன்றைக்கும் வேறு காரணம் சொல்கிறாள், சொல்லட்டும்.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள். கமெராவின் உறை கழன்ற சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, சவப்பெட்டிக்குள் வைத்தேன். எண்ணாமல் ஒன்றை இடம் மாற்ற எனக்கு வராது. வெள்ளைச் சேட்டு நாலு, மடிப்புகளில் மஞ்சள். நீளக் காற்சட்டை மூன்று. இடுப்பில் வைத்துப் பார்த்தேன், எந்த ஊருக்கும் போட்டுக்கொண்டு போகமுடியாது. சப்பாத்து ஒரு சோடி. காலில் போடாமலே அடி உதிர்ந்திருந்தது. கழுத்தில் கட்டுகிற ரை ஒன்று, நீலக்கோடு போட்டது. குடை ஒன்று. சவர்க்காரப் பெட்டி, சீப்பு, மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஆறு. பெடியன் மகனாக நடிப்பதற்கு வந்தவன். வேலையில்லாமல் சுவரோடு நின்றான். சனம் தேத்தண்ணியோடு விறாந்தைக்குக் கிட்ட வந்தது. மாஸ்ரரின் மணிக்கூடு கடுதாசியைத் துப்பிவிட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மற்றவையும் எடுத்து, முப்பதாவது சாமான் வரை வந்துவிட்டேன். முப்பத்தோராவது லாச்சித் திறப்பு. கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அதையும் போடுங்கோ அப்பா" என்றாள், கமெராவுக்குப் பின்னால் இருந்து.

"லாச்சிக்குள்ளை அரைப் பக்கற் பிஸ்கற் கிடக்கு."

"பத்து வருசத்துப் பிஸ்கற், அப்பா."

"பக்கற்றை மடிச்சுத்தான் வைச்சனான்."

நான் திறப்பைச் சப்பாத்துக்குள் போட்டு மூடியைச் சாத்தினேன். "சிவப்பு லைற் வந்திட்டுது" என்று கமெராக்காரர் சொன்னார். சொல்லி முடிக்கமுன் கமெரா அணைந்தது.

அதே வண்டியில், அதே நூற்றைம்பதுக்கு, பெட்டி திரும்பிப் போயிற்று. இம்முறை நானும் வண்டியிலே ஏறியிருந்தேன், யாரும் பிழையாக விளங்கிக்கொள்ளாதபடிக்கு. பெட்டி செய்கிறவர் மூடியைத் திறந்து பார்த்தார். ரையைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன ஐயா?"

"வெறுமையாய் வரேல்லை."

அவர் மூடியைத் திரும்பச் சாத்தினார்.

"கந்தோரிலையோ வேலை செய்தனீங்கள்?"

"ஓம்."

"விளங்குது" என்று சொல்லி, மினுக்கம் போனதுக்கு முந்நூறைக் கழித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறைத் தந்தார். உள்ளே கிடந்தவற்றை என்ன செய்வது என்று கேட்டார். உங்கள் விருப்பம் என்றேன். அடுத்த மாதம் அந்த வழியால் போனபோது, அவருடைய பலகைக் கட்டு ஒன்று நீலக்கோடு போட்ட ரையால் வரிந்து கட்டப்பட்டிருந்தது. முடிச்சு சரியில்லை; இறங்கிச் சரிசெய்துவிட்டுப் போனேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது மனைவி றங்கைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் வெங்காயத்தைக் கொட்டிவிட்டாள். ஒரு இரவுகூட அவளால் பொறுக்கமுடியவில்லை.

படத்தை மகள் ஒன்பது நிமிடமாக வெட்டினாள். பெடியனின் பகுதி ஒன்றும் இல்லை. கடைசியில் அப்பா மட்டுந்தான். கலைவிழாவில் ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலாக என் குரல், "வெள்ளைச் சேட்டு ஒண்டு, ரண்டு" என்று எண்ணுவது கேட்டது. லேஞ்சிக்குச் சனம் சிரித்தது. திறப்புக்குச் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் திரும்பி, "கிழவன் நல்லாய் நடிச்சிருக்கிறார்" என்று எனக்கே சொன்னார். நடிப்பு இல்லை, கணக்கெடுப்பு என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மகள் மேடையோரத்தில் நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

பெட்டிக்குக் கழித்தது, வண்டிக்கு இரண்டு தரம் கொடுத்தது, சீனி, சைக்கிள் ஒட்டு. எல்லாமாக எழுநூற்று ஏழு ரூபா ஐம்பது சதம்.